கரோஜிசட்சு (மிகையுழைப்புத் தற்கொலை)

கரோஜிசட்சு அல்லது மிகையுழைப்புத் தற்கொலை என்பது, அளவுக்கு மீறிய வேலைப்பளு, நீண்ட வேலைநேரம், பணியிடக் கொடுமை முதலியவற்றால் உளநோய்க்கு ஆளான தொழிலாளி ஒருவர் தம் உயிரை மாய்த்துக்கொள்வதைக் குறிக்கும் ஜப்பானியச் சொல் ஆகும். ஜப்பானில் இத்தகைய இறப்பு, குறித்த நிபந்தனைகள் நிறைவேறினால், தொழில்சார் இறப்பாக ஏற்கப்படுகிறது. அவ்வாறு ஏற்கப்படும்போது இறந்தவரைச் சார்ந்து வாழ்ந்த குடும்பத்தினருக்கு அரசின் தொழிலாளர் விபத்து இழப்பீட்டுக் காப்பீட்டிலிருந்து ஓய்வூதியமும் பிற தொகைகளும் வழங்கப்படுகின்றன. இதைத் தவிர, நிறுவனத்தின் மீது உரிமையியல் வழக்குத் தொடுத்து இழப்பீடு பெறவும் குடும்பத்தினருக்கு உரிமை உண்டு.

ஒருவர் தாமே தேடிக்கொண்ட இறப்புக்கு இழப்பீடு இல்லை என்பதே பெரும்பாலான நாடுகளின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டங்களின் பொது விதி ஆகும். ஜப்பானியச் சட்டத்திலும் இவ்விதி உள்ளது. இவ்விதியை நீக்காமலேயே, அதன் பொருளை மாற்றியதன் மூலம் குடும்பங்களுக்கு இழப்பீடு கிடைக்கும் வழி 1990களின் இறுதியில் அங்கு திறக்கப்பட்டது.

பெயர்

"க" என்பது மிகை, "ரோ" என்பது உழைப்பு, "ஜிசட்சு" என்பது தற்கொலை எனப் பொருள்படும். மிகையுழைப்பினால் ஏற்படும் மாரடைப்பு, மூளை இரத்தக்குழாய் நோய் ஆகியவற்றால் நேரும் இறப்பு கரோஷி எனப்படுகிறது. கரோஷி என்னும் சொல் 1970களின் இறுதியில் ஜப்பானிய மருத்துவர்களால் உருவாக்கப்பட்டது. 1982 இல் அப்பெயரில் ஒரு நூல் வெளிவந்த பின்னர் பரவலானது. கரோஜிசட்சு அதன் வழிவந்த சொல்லாகும். வழக்கறிஞர் ஹிரோஷி கவாஹிதோ 1998 இல் இதே தலைப்பில் எழுதிய நூல் இச்சொல்லைப் பொதுமக்களிடம் கொண்டு சேர்த்தது.

"சட்சு" என்னும் எழுத்துக்குக் கொல்லுதல் என்பது பொருள். இறந்தவரைக் குற்றவாளி போலக் காட்டுகிறது என்பதால் குடும்பத்தினர் பலர் இச்சொல்லை விரும்புவதில்லை. அவர்கள் "தன்னிறப்பு" என்று பொருள்படும் "ஜிஷி" என்னும் சொல்லைச் சேர்த்துக் கரோஜிஷி என வழங்குகின்றனர்.

சட்ட அடிப்படை

தொழிலாளர் விபத்து இழப்பீட்டுக் காப்பீட்டுச் சட்டம் ஜப்பானில் 1947 இல் இயற்றப்பட்டது. இக்காப்பீடு சுருக்கமாக ரோசாய் எனப்படும். இதற்கான சந்தா முழுவதையும் முதலாளியே செலுத்துகிறார். தொழிலாளியின் ஊதியத்திலிருந்து எதுவும் பிடிக்கப்படுவதில்லை. நிறுவனத்தின் பிழையை நிறுவ வேண்டிய தேவையும் இல்லை. இறப்புக்குப் பணியே காரணம் என்பதை மட்டும் காட்டினால் போதும். இழப்பீடு உண்டா இல்லையா என்பதை முடிவு செய்பவர் அந்தந்தப் பகுதியின் தொழில்தர ஆய்வு அலுவலகத்தின் தலைவர் ஆவார்.

இச்சட்டத்தின் ஒரு பிரிவின்படி, தொழிலாளி வேண்டுமென்றே காயத்தையோ நோயையோ இறப்பையோ ஏற்படுத்திக்கொண்டால் இழப்பீடு வழங்கப்படமாட்டாது. எனவே தற்கொலை வழக்குகளில் "வேண்டுமென்றே" என்னும் சொல்லின் பொருள் என்ன என்பதே மையக் கேள்வி ஆயிற்று. நெடுங்காலம் தொழில் அமைச்சு இதற்கு மிகக் குறுகிய பொருளே கொண்டிருந்தது. இறந்தவர் அவ்வேளையில் அறிவு முற்றிலும் இழந்த நிலையில் இருந்தார் என்று நிறுவினாலன்றி, அந்த இறப்பு வேண்டுமென்றே செய்யப்பட்டதாகக் கருதப்பட்டது. மனச்சோர்வு நோயாளிகள் பலர் அத்தகைய நிலையை அடைவதில்லை. மேலும், இறந்தவர் கடிதம் எழுதி வைத்திருந்தால் அதுவே அவர் தெளிந்த அறிவுடன் இருந்தார் என்பதற்குச் சான்றாகக் கொள்ளப்பட்டு விண்ணப்பம் தள்ளுபடி செய்யப்படும் நிலை இருந்தது. குடும்பத்தாரிடம் மன்னிப்புக் கேட்டு எழுதப்பட்ட கடிதமே அக்குடும்பத்தின் உரிமையைப் பறிக்கும் ஆவணமாக மாறியது.

வரலாறு

தொடக்ககால இயக்கம்

1988 இல் வழக்கறிஞர்களும் மருத்துவர்களும் சேர்ந்து கரோஷி தொலைபேசி ஆலோசனை மையங்களைத் தொடங்கினர். அதே ஆண்டில் கரோஷி வழக்கறிஞர் குழுவின் தேசியக் கூட்டமைப்பு உருவானது. 1991 இல் கணவனையோ பிள்ளையையோ இழந்த குடும்பத்தினர் தங்களுக்கென ஒரு தேசியச் சங்கம் அமைத்தனர். தற்கொலையை வெளியில் சொல்லத் தயங்கும் சமூகத்தில், இச்சங்கத்தினர் தம் பெயரையும் முகத்தையும் வெளிப்படுத்தி விண்ணப்பங்களுக்கும் வழக்குகளுக்கும் துணை நின்றனர்.

1996 இல் கோபே மாவட்ட நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு முக்கியமானது. ஓர் எஃகு நிறுவனத்தில் புதிதாகச் சேர்ந்து, பணியின்பொருட்டு இந்தியாவுக்கு அனுப்பப்பட்டிருந்த இளம் ஊழியர் ஒருவர் அங்கேயே இறந்தார். பழக்கமற்ற சூழலில் அவருக்கு ஏற்பட்ட பணி நெருக்கடியே உளநோய்க்குக் காரணம் என ஏற்ற நீதிமன்றம், இழப்பீட்டை மறுத்த ஆய்வு அலுவலகத்தின் ஆணையை நீக்கியது.

டென்ட்சு வழக்கு

டென்ட்சு ஜப்பானின் மிகப் பெரிய விளம்பர நிறுவனம் ஆகும். 1990 ஏப்ரலில் அங்கு வேலைக்குச் சேர்ந்த ஓர் இளைஞர், விடியும் வரை வேலை செய்வதும் சில மணிநேரமே உறங்குவதுமாக ஓராண்டுக்கு மேல் பணியாற்றி, 1991 ஆகத்து மாதம் தம் 24 ஆம் வயதில் உயிரை மாய்த்துக்கொண்டார். பெற்றோர் நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தனர். வழக்கின் போக்கு பின்வருமாறு:

1. 1996 மார்ச்: தோக்கியோ மாவட்ட நீதிமன்றம் நிறுவனத்தைப் பொறுப்பாளியாக்கிச் சுமார் 12.6 கோடி யென் வழங்க ஆணையிட்டது.
2. 1997 செப்டம்பர்: தோக்கியோ உயர் நீதிமன்றம் நிறுவனத்தின் பொறுப்பை ஏற்றது. ஆனால் இறந்தவரின் இயல்பும், உடன் வாழ்ந்த பெற்றோர் தடுக்காமல் இருந்ததும் காரணங்களுள் அடங்கும் எனக் கூறித் தொகையில் 30 விழுக்காட்டைக் குறைத்தது.
3. 2000 மார்ச் 24: உச்ச நீதிமன்றம் இக்குறைப்பை ஏற்க மறுத்து, வழக்கை மறுவிசாரணைக்கு அனுப்பியது.
4. 2000 சூன்: நிறுவனம் மன்னிப்புக் கோரி, சுமார் 16.8 கோடி யென் வழங்கி உடன்பாட்டுக்கு வந்தது.

உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இரண்டு கொள்கைகளை நிலைநாட்டியது. முதலாவது, வேலையால் வரும் சோர்வும் உளச்சுமையும் அளவு கடந்து சேர்ந்து தொழிலாளியின் உடலையும் உள்ளத்தையும் கெடுக்காதபடி பார்த்துக்கொள்வது முதலாளியின் கடமை. இரண்டாவது, பொறுப்புணர்வு மிகுதி, எதையும் முழுமையாகச் செய்து முடிக்கும் குணம் போன்ற இயல்புகள் ஒரே வகை வேலை செய்வோரிடையே வழக்கமாகக் காணப்படும் வேறுபாடுகளுக்குள் அடங்கும் வரை, அவற்றைக் காட்டி இழப்பீட்டைக் குறைக்கக் கூடாது. வேலையில் சேர்ந்து தனித்து வாழத்தக்க வயதுடைய மகனின் வேலைநிலையைப் பெற்றோர் மாற்றியமைத்திருக்க முடியும் என்று கருதுவதற்கும் இடமில்லை என நீதிமன்றம் கூறியது.

1999 ஆம் ஆண்டு வழிகாட்டி

வழக்குகள் பெருகியதைத் தொடர்ந்து தொழில் அமைச்சு 1999 செப்டம்பர் 14 அன்று உளநோய்கள் தொடர்பான வழிகாட்டி ஒன்றை வெளியிட்டது. பணியால் ஏற்பட்ட உளநோய்க்கு ஆளானவர் தற்கொலை செய்துகொண்டால், அந்நோய் அவரது சரியாக அறியும் ஆற்றலையும் தேர்ந்தெடுக்கும் ஆற்றலையும் தன்னைத் தடுத்துக்கொள்ளும் ஆற்றலையும் பெரிதும் குலைத்திருந்தது என ஊகித்துக்கொள்ளலாம் என்று இவ்வழிகாட்டி கூறியது. அவ்வாறு கொண்டால் அந்த இறப்பு "வேண்டுமென்றே" செய்யப்பட்டது ஆகாது. கடிதம் எழுதி வைத்திருந்ததை மட்டும் கொண்டு ஒருவர் தெளிந்த நிலையில் இருந்தார் என முடிவு செய்வதும் பொருத்தமன்று எனக் கூறப்பட்டது.

இதன் மூலம் மெய்ப்பிக்க வேண்டிய பொருள் மாறியது. இறக்கும் நொடியில் தொழிலாளியின் மனநிலை என்ன என்று நிறுவ வேண்டியதில்லை. நோய் பணியால் வந்தது என்று காட்டினால் போதுமானது.

பிற்காலத் தீர்ப்புகள்

- டொயோட்டா வழக்கு: தானுந்து நிறுவனத்தின் வடிவமைப்புப் பிரிவில் பணியாற்றி 1988 இல் இறந்த பொறியாளரின் மனைவி தொடுத்த வழக்கு. 2001 இல் நகோயா மாவட்ட நீதிமன்றமும் 2003 இல் நகோயா உயர் நீதிமன்றமும் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தன. கணவர் இறந்து 15 ஆண்டுகள் கழித்தே வழக்கு முடிவுற்றது.
- மருந்து விற்பனைப் பிரதிநிதி வழக்கு: 2007 அக்டோபரில் தோக்கியோ மாவட்ட நீதிமன்றம், மேலதிகாரியின் இழிசொற்களே உளநோய்க்கும் இறப்புக்கும் காரணம் என ஏற்று, மனைவிக்கு இழப்பீடு மறுக்கப்பட்ட ஆணையை நீக்கியது. வேலைநேரம் அல்லாது சொற்கொடுமையை மையமாகக் கொண்ட முன்னோடித் தீர்ப்பாக இது கருதப்படுகிறது.
- 2014 மார்ச் 24: ஊழியர் தமது உளநோய்ச் சிகிச்சையை நிறுவனத்திடம் தெரிவிக்கவில்லை என்பதைக் காட்டி இழப்பீட்டைக் குறைக்கக் கூடாது என உச்ச நீதிமன்றம் கூறியது. இது தற்கொலை வழக்கு அன்று. எனினும் குடும்பங்களின் வழக்குகளில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது.

தடுப்புச் சட்டமும் வேலைநேர வரம்பும்

குடும்பச் சங்கத்தின் தொடர் முயற்சியால் கரோஷி தடுப்பு நடவடிக்கைகள் சட்டம் 2014 சூனில் நாடாளுமன்றத்தில் நிறைவேறி, அதே ஆண்டு நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பணியின் கடும் உளச்சுமையால் ஏற்பட்ட உளநோயினால் நிகழும் தற்கொலையும் கரோஷி என்பதன் வரையறைக்குள் இச்சட்டத்தில் சேர்க்கப்பட்டது. நவம்பர் மாதம் விழிப்புணர்வு மாதமாக அறிவிக்கப்பட்டது. 2016 முதல் ஆண்டுதோறும் அரசின் வெள்ளையறிக்கை வெளியிடப்படுகிறது.

2015 திசம்பரில் அதே டென்ட்சு நிறுவனத்தில் முதலாண்டு ஊழியராக இருந்த 24 வயதுப் பெண் ஒருவர் இறந்தார். நோய் தோன்றுவதற்கு முந்தைய ஒரு மாதத்தில் அவர் சுமார் 105 மணிநேரம் மிகைநேர வேலை செய்ததாகக் கணக்கிட்ட ஆய்வு அலுவலகம், 2016 செப்டம்பரில் இதைத் தொழில்சார் இறப்பாக ஏற்றது. சட்டத்துக்குப் புறம்பான மிகைநேர வேலைக்காக 2017 அக்டோபரில் நீதிமன்றம் அந்நிறுவனத்துக்கு விதித்த அபராதம் 5 லட்சம் யென் மட்டுமே. அதே மாதத்தில், தோக்கியோ புதிய தேசிய விளையாட்டரங்கக் கட்டுமானப் பணியில் மேற்பார்வையாளராக இருந்த 23 வயது இளைஞரின் இறப்பும் தொழில்சார் இறப்பாக ஏற்கப்பட்டது. அவர் ஒரு மாதத்தில் சுமார் 190 மணிநேரம் மிகைநேர வேலை செய்திருந்தார்.

இவற்றைத் தொடர்ந்து 2018 சூனில் நிறைவேறிய வேலைமுறைச் சீர்திருத்தச் சட்டம், மிகைநேர வேலைக்கு முதன்முறையாகத் தண்டனையுடன் கூடிய உச்சவரம்பை விதித்தது. இதன்படி பொது வரம்பு மாதம் 45 மணிநேரம், ஆண்டுக்கு 360 மணிநேரம் ஆகும். சிறப்புச் சூழலில் ஆண்டுக்கு 720 மணிநேரம் வரை அனுமதி உண்டு. எனினும் விடுமுறைநாள் வேலையையும் சேர்த்து எந்த மாதத்திலும் 100 மணிநேரத்தை எட்டக்கூடாது. பெரிய நிறுவனங்களுக்கு 2019 ஏப்ரல் முதலும், சிறு நிறுவனங்களுக்கு 2020 ஏப்ரல் முதலும், கட்டுமானத் தொழிலாளர், சரக்குந்து ஓட்டுநர், மருத்துவர் ஆகியோருக்குத் தனி வரம்புகளுடன் 2024 ஏப்ரல் முதலும் இது நடைமுறைக்கு வந்தது.

ஏற்பு நிபந்தனைகள்

1999 வழிகாட்டிக்குப் பதிலாக 2011 திசம்பர் 26 அன்று உளநோய் ஏற்புத் தரநிலை வெளியிடப்பட்டது. இது 2020 இலும் 2023 செப்டம்பரிலும் திருத்தப்பட்டது. இதன்படி மூன்று நிபந்தனைகள் நிறைவேற வேண்டும்:

1. உலக நலவாழ்வு அமைப்பின் நோய் வகைப்பாட்டில் அடங்கும் உளநோய் ஒன்று தொழிலாளிக்கு ஏற்பட்டிருக்க வேண்டும்.
2. அந்நோய் தோன்றுவதற்கு முந்தைய ஏறத்தாழ 6 மாதங்களில் பணியால் கடுமையான உளச்சுமை இருந்திருக்க வேண்டும்.
3. பணி அல்லாத காரணங்களாலோ தனிப்பட்ட காரணங்களாலோ நோய் வந்தது எனக் கொள்ள இடமிருக்கக் கூடாது.

இறந்தவர் ஒருமுறைகூட மருத்துவரிடம் செல்லாமல் இருந்திருக்கலாம். அத்தகைய நேர்வுகளில் உறக்கமின்மை, உணவில் விருப்பமின்மை, பேச்சுக் குறைதல் போன்ற மாற்றங்களைப் பற்றிக் குடும்பத்தினரும் உடன் பணியாற்றியவரும் அளிக்கும் வாக்குமூலங்களைக் கொண்டு நோய் இருந்ததா என மருத்துவ வல்லுநர் முடிவு செய்யலாம்.

உளச்சுமையின் அளவு

தரநிலையின் இணைப்பாக உள்ள அட்டவணையில் பணியிட நிகழ்வுகள் பட்டியலிடப்பட்டு, ஒவ்வொன்றின் உளச்சுமையும் வலிது, நடுத்தரம், மெலிது என மூன்றாகப் பிரிக்கப்பட்டுள்ளது. இதில் வேலைநேரம் பற்றிய அளவுகள் தெளிவாக உள்ளன:

- நோய் தோன்றுவதற்கு முந்தைய ஒரு மாதத்தில் ஏறத்தாழ 160 மணிநேரம் அல்லது அதற்கு மேற்பட்ட மிகைநேர வேலை: இது ஒன்றே போதுமானது.
- தொடர்ந்து 2 மாதங்கள், மாதத்துக்கு ஏறத்தாழ 120 மணிநேரம்: வலிய உளச்சுமை.
- தொடர்ந்து 3 மாதங்கள், மாதத்துக்கு ஏறத்தாழ 100 மணிநேரம்: வலிய உளச்சுமை.

கடும் விபத்து, பெரும் பிழைக்குப் பொறுப்பேற்றல், பதவி மாற்றம், பாலியல் தொல்லை முதலியவையும் பட்டியலில் உள்ளன. 2020 இல் மேலதிகாரியின் அதிகாரக் கொடுமை தனி நிகழ்வாகச் சேர்க்கப்பட்டது. 2023 இல் வாடிக்கையாளரால் நேரும் கொடுமையும் சேர்க்கப்பட்டது. முன்பே இருந்த நோய் பணியால் மோசமடைந்த நேர்வுகளுக்கான நிபந்தனையும் அவ்வாண்டில் தளர்த்தப்பட்டது.

உளச்சுமையை அளக்கும்போது இறந்தவர் அதை எப்படி உணர்ந்தார் என்பது அளவுகோலாகக் கொள்ளப்படுவதில்லை. ஒத்த வேலையும் ஒத்த அனுபவமும் உடைய தொழிலாளர் பொதுவாக அதை எப்படி உணர்வர் என்பதே அளவுகோல். டொயோட்டா வழக்கில் மாவட்ட நீதிமன்றம், அத்தொழிலாளருள் மிக மென்மையான இயல்புடையவரை அளவாகக் கொள்ள வேண்டும் என்றது. உயர் நீதிமன்றம் அவ்வளவு தூரம் செல்லாவிடினும் முடிவை உறுதிசெய்தது. இவ்வளவுகோல் பற்றிய விவாதம் சட்ட அறிஞரிடையே தொடர்ந்து இடம்பெற்று வருகிறது.

சார்ந்தோருக்கான தொகைகள்

கீழ்க்காண்பவை நெடுங்காலமாக நடைமுறையில் இருந்துவந்த விதிகளாகும். தொகைகள் அனைத்தும் நாளடிப்படைத் தொகையைக் கொண்டு கணக்கிடப்படுகின்றன. நாளடிப்படைத் தொகை என்பது பொதுவாகக் கடைசி 3 மாத ஊதியத்தை அம்மாதங்களின் மொத்த நாட்களால் வகுத்துக் கிடைப்பதாகும்.

குடும்ப ஓய்வூதியம்

இறந்தவரின் வருமானத்தைச் சார்ந்து வாழ்ந்தவர்களின் எண்ணிக்கைக்கேற்ப ஆண்டு ஓய்வூதியம் அமையும்:

- ஒருவர்: 153 நாள் தொகை
- இருவர்: 201 நாள் தொகை
- மூவர்: 223 நாள் தொகை
- நால்வர் அல்லது அதற்கு மேல்: 245 நாள் தொகை

மனைவி அல்லது கணவன், பிள்ளைகள், பெற்றோர், பேரப்பிள்ளைகள், பாட்டன் பாட்டி, உடன்பிறந்தோர் என்னும் வரிசையில் உரிமை அமைகிறது. பதிவு செய்யாமல் கணவன் மனைவியாக வாழ்ந்தவருக்கும் உரிமை உண்டு. பிள்ளைகளுக்கு 18 வயது நிறைந்த பின் வரும் மார்ச் 31 வரை உரிமை நீடிக்கும். முதலுரிமை பெற்றவர் மறுமணம் போன்ற காரணத்தால் அதை இழந்தால், வரிசையில் அடுத்தவருக்கு அது செல்லும்.

மனைவிக்கு வயது வரம்பு விதிக்காத இச்சட்டம், கணவனுக்கு 55 வயது வரம்பை விதித்தது. அரசு ஊழியர்களுக்கான ஒத்த சட்டத்தில் உள்ள இவ்வேறுபாடு அரசியலமைப்புக்கு முரணானதன்று என உச்ச நீதிமன்றம் 2017 மார்ச்சில் தீர்ப்பளித்தது. வேலைக்குச் செல்லும் பெண்கள் பெருகிய காலத்தில் இவ்வேறுபாடு பொருந்தாது என்ற கருத்து வலுப்பெற்று வந்துள்ளது.

மொத்தத் தொகையும் பிறவும்

கரோஜிசட்சு நேர்வுகளில் இறந்தவர் மணமாகாத இளைஞராக இருப்பது உண்டு. பெற்றோர் அவரது வருமானத்தைச் சார்ந்து வாழாவிடின் ஓய்வூதியம் பெற இயலாது. அவ்வாறு ஓய்வூதியம் பெறத்தக்கவர் எவரும் இல்லாதபோது, 1,000 நாள் தொகை ஒரே தடவையில் வழங்கப்படும். இதைத் தவிர,

- சிறப்பு உதவித்தொகை: 30 லட்சம் யென்.
- ஈமச்சடங்குச் செலவு: 3,15,000 யென்னும் 30 நாள் தொகையும் சேர்ந்தது, அல்லது 60 நாள் தொகை, இவற்றுள் எது கூடுதலோ அது.
- பள்ளி செல்லும் பிள்ளைகளுக்குக் கல்வி உதவித்தொகை.

எடுத்துக்காட்டாக, நாளடிப்படைத் தொகை 10,000 யென் உள்ள ஒருவர் மனைவியையும் இரு சிறு பிள்ளைகளையும் விட்டு இறந்தால், ஆண்டு ஓய்வூதியம் 22,30,000 யென் ஆகும். ஈமச்சடங்குக்கு 6,15,000 யென் கிடைக்கும். மூத்த பிள்ளை வயது வரம்பைக் கடந்தபின் ஓய்வூதியம் 20,10,000 யென்னாகக் குறையும்.

ஊதியம் தரப்படாமல் செய்விக்கப்பட்ட மிகைநேர வேலை இக்கணக்கில் முக்கிய இடம் பெறுகிறது. தரப்பட்டிருக்க வேண்டிய மிகைநேர ஊதியமும் நாளடிப்படைத் தொகையில் சேர வேண்டும். மேற்கண்ட எடுத்துக்காட்டில் அதனால் நாள் தொகை 13,000 யென் ஆனால், ஆண்டு ஓய்வூதியம் 28,99,000 யென்னாக உயரும். ஆகவே வேலைநேரப் பதிவு, இறப்பு பணியால் நேர்ந்தது என்பதை நிறுவுவதற்கும் ஓய்வூதியத்தின் அளவை முடிவு செய்வதற்கும் ஒருங்கே பயன்படுகிறது.

விண்ணப்ப நடைமுறை

விண்ணப்பத்தைக் குடும்பத்தினரே ஆய்வு அலுவலகத்தில் அளிக்க வேண்டும். படிவத்தில் முதலாளியின் சான்றொப்பத்துக்கு இடம் உண்டு. நிறுவனம் ஒப்பமிட மறுத்தாலும் அதைக் குறிப்பிட்டு விண்ணப்பிக்கலாம். ஓய்வூதியத்துக்கும் மொத்தத் தொகைக்கும் இறப்பிலிருந்து 5 ஆண்டுகளும், ஈமச்சடங்குச் செலவுக்கு 2 ஆண்டுகளும் காலக்கெடு ஆகும். துயரத்திலும் கூச்சத்திலும் காலம் கடந்துபோய் உரிமை இழப்பது உண்டு.

நிறுவனத்தின் வருகைப் பதிவேடு உண்மை நேரத்தைக் காட்டாதபோது பின்வருவன சான்றுகளாகின்றன:

- கணினி இயக்கப்பட்ட, நிறுத்தப்பட்ட நேரங்கள்
- அலுவலகக் கதவு அட்டைப் பதிவுகள்
- மின்னஞ்சல்களும் குறுஞ்செய்திகளும் அனுப்பப்பட்ட நேரங்கள்
- தொடருந்து அட்டைப் பயணப் பதிவுகள், வாடகையுந்து பற்றுச்சீட்டுகள்
- நாட்குறிப்பு, வீட்டாருக்கு அனுப்பிய செய்திகள்
- மருத்துவக் குறிப்புகள், உடன் பணியாற்றியோரின் வாக்குமூலங்கள்

இவற்றுட் பல நிறுவனத்தின் கையில் இருப்பவை. சில காலத்தில் அழிக்கப்படுபவை. எனவே சான்றுகளைப் பாதுகாக்குமாறு நீதிமன்றத்தை முன்கூட்டியே நாடும் வழியும் சட்டத்தில் உண்டு.

விண்ணப்பம் மறுக்கப்பட்டால், 3 மாதத்துக்குள் காப்பீட்டு மறுஆய்வு அலுவலரிடம் முறையிடலாம். அதுவும் தோல்வியுற்றால் 2 மாதத்துக்குள் தொழிலாளர் காப்பீட்டு மேல்முறையீட்டுக் குழுவிடம் செல்லலாம், அல்லது 6 மாதத்துக்குள் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்கலாம்.

நிறுவனத்தின் மீதான வழக்கு

காப்பீட்டுத் தொகையில் மனவேதனைக்கான இழப்பீடு அடங்காது. இழந்த எதிர்கால வருமானம் முழுவதையும் அது ஈடுசெய்வதும் இல்லை. ஆகவே பல குடும்பங்கள் நிறுவனத்தின் மீது தனியாக வழக்குத் தொடுக்கின்றன. தொழிலாளியின் பாதுகாப்பைப் பேணும் கடமை 2007 இல் இயற்றப்பட்ட தொழில் ஒப்பந்தச் சட்டத்திலும் எழுதப்பட்டுள்ளது.

ஒரே இழப்புக்கு இருமுறை ஈடு கிடைக்காதபடி, பெற்ற ஓய்வூதியம் இழப்பீட்டிலிருந்து கழிக்கப்படும். அதை எவ்வாறு கழிப்பது என்பதை ஒரு மென்பொருள் நிறுவன ஊழியரின் இறப்பு தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் முழு அமர்வு 2015 மார்ச் 4 அன்று தீர்த்துவைத்தது. ஓய்வூதியத்தை இழந்த வருமானத்தின் அசலிலிருந்தே கழிக்க வேண்டும், வட்டியிலிருந்து முதலில் கழிக்கக் கூடாது என்பது தீர்ப்பு. அசல் முன்னரே குறைவதால் இது குடும்பங்களுக்குச் சாதகமானதன்று.

மற்றொரு கேள்வி, வழங்கப்பட்ட இழப்பீட்டை நிறுவனம் எதிர்க்கலாமா என்பதாகும். இழப்பீடு வழங்கப்பட்டால் குறித்த அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்களின் சந்தா விகிதம் உயர்கிறது. இதைக் காரணம் காட்டி, இழப்பீட்டு ஆணையை நீக்கக் கோரும் உரிமை தங்களுக்கு உண்டு என நிறுவனங்கள் வாதிட்டன. 2024 சூலை 4 அன்று உச்ச நீதிமன்றம் அவ்வுரிமை இல்லை எனத் தீர்ப்பளித்தது. நிறுவனம் தன் சந்தா உயர்வை மட்டும் எதிர்க்கலாம். தொழிலாளிக்கோ குடும்பத்துக்கோ வழங்கப்பட்டதைப் பறிக்குமாறு கோர இயலாது.

புள்ளிவிவரங்கள்

ஜப்பானிய நிதியாண்டு ஏப்ரல் முதல் மார்ச் வரை ஆகும். உளநோய் தொடர்பான விண்ணப்பங்களும் ஏற்கப்பட்டவையும் சில ஆண்டுகளில் பின்வருமாறு இருந்தன. தற்கொலை என்பதில் தற்கொலை முயற்சிகளும் அடங்கும்.

- 1999: விண்ணப்பங்கள் 155, ஏற்கப்பட்டவை 14
- 2014: விண்ணப்பங்கள் 1,456, ஏற்கப்பட்டவை 497, இவற்றுள் தற்கொலை 99
- 2022: விண்ணப்பங்கள் 2,683, ஏற்கப்பட்டவை 710, இவற்றுள் தற்கொலை 67
- 2023: விண்ணப்பங்கள் 3,575, ஏற்கப்பட்டவை 883, இவற்றுள் தற்கொலை 79
- 2024: விண்ணப்பங்கள் 3,780, ஏற்கப்பட்டவை 1,055, இவற்றுள் தற்கொலை 88

ஏற்கப்பட்டவை ஆயிரத்தைத் தாண்டியது 2024 நிதியாண்டிலேயே முதன்முறை. இவ்வெண்கள் விண்ணப்பித்தோரை மட்டுமே குறிப்பன. விண்ணப்பிக்காத குடும்பங்கள் இவற்றில் இடம்பெறவில்லை.

திறனாய்வுகள்

- மெய்ப்பிக்கும் சுமை பெரும்பாலும் குடும்பத்தின் மீதே விழுகிறது. வேலையில் என்ன நிகழ்ந்தது என்பதை அறிந்தவர் இறந்துவிட்டார். சான்றுகளோ நிறுவனத்திடம் உள்ளன.
- உடன் பணியாற்றியோர் தம் வேலைக்கு அஞ்சி வாக்குமூலம் அளிக்கத் தயங்குகின்றனர்.
- வேலைநேர அளவுகள் மிக உயர்ந்தவை எனவும், அவற்றுக்குச் சற்றுக் குறைவான நேர்வுகள் எளிதில் மறுக்கப்படுகின்றன எனவும் வழக்கறிஞர் அமைப்புகள் கூறுகின்றன.
- வீட்டில் இருந்தபடி செய்யும் வேலையில் உண்மை நேரத்தைக் கணக்கிடுவது கடினமாகியுள்ளது.
- தனித்தொழில் செய்வோர் சிறப்பு முறையில் தாமே சேர்ந்தாலன்றி இக்காப்பீட்டில் அடங்குவதில்லை.

பிற நாடுகளில்

பிரான்சில், நோய் விடுப்பில் வீட்டில் இருந்த ஊழியரின் தற்கொலை முயற்சியும் பணியால் நேர்ந்தது எனக் காட்டப்பட்டால் தொழில் விபத்தே என அந்நாட்டின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் 2007 பெப்ரவரியில் தீர்ப்பளித்தது. ஐக்கிய இராச்சியத்தில், தொழிற்சாலை விபத்துக்குப் பின் மனச்சோர்வுற்று இறந்த பொறியாளரின் மனைவிக்கு இழப்பீடு உண்டு எனப் பிரபுக்கள் அவை 2008 இல் கூறியது. அவ்விறப்பு அவர் தாமே செய்த தேர்வு ஆகாது, விபத்தின் விளைவே என்பது தீர்ப்பின் சாரம். தென் கொரியாவின் சட்டம் தற்கொலையைப் பொதுவாக விலக்கினாலும், தொழில்சார் காரணத்தால் இயல்பான அறிவாற்றல் பெரிதும் குன்றிய நிலையில் நிகழ்ந்தால் இழப்பீட்டுக்கு இடமளிக்கிறது.

இவற்றையும் பார்க்க

- கரோஷி
- மனச்சோர்வு நோய்
- தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம்
- எட்டு மணிநேர வேலை
- ஜப்பானின் தொழிலாளர் சட்டங்கள்

பகுப்புகள்: ஜப்பான் | தொழிலாளர் சட்டம் | தொழில்சார் நலவாழ்வு | சமூகக் காப்பீடு